ஜப்பான் ஒயின் வாங்கும் முன் முன்பக்க லேபிளைப் பாருங்கள்

கேள்வி: வேலைக்காக டோக்கியோ வந்திருக்கிறேன். சூப்பர் மார்க்கெட்டில் ஜப்பான் கம்பெனி ஒயின் 600 யென்னுக்குக் கிடைக்கிறது. அதே கம்பெனியின் இன்னொரு பாட்டில் 2,000 யென். இரண்டும் இங்கேயே தயாரானவைதானே, விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தயாரானது ஜப்பானில்தான். ஆனால் 600 யென் பாட்டிலில் இருக்கும் திராட்சை ஜப்பானில் விளைந்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வெளிநாட்டிலிருந்து வரும் கெட்டியான திராட்சைச் சாற்றைத் தண்ணீர் விட்டு நொதிக்க வைப்பதும், மொத்தமாக இறக்குமதி செய்த ஒயினைக் கலப்பதும் அங்கே பல வருஷமாக நடக்கும் தொழில். சட்டப்படி தப்பில்லை. ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டும். அதற்காகத்தான் ஜப்பானின் தேசிய வரித்துறை 2015-ல் லேபிள் விதிகளை வகுத்தது. 2018 அக்டோபர் 30 முதல் அவை கட்டாயம்.

அதன்படி, 'நிஹோன் வைன்' (ஜப்பான் ஒயின்) என்று எழுதினால் திராட்சை முழுக்க ஜப்பானில் விளைந்திருக்க வேண்டும், ஒயினும் அங்கேயே தயாராகியிருக்க வேண்டும். வெளிநாட்டுச் சாறோ ஒயினோ சேர்ந்த பாட்டில் என்றால் அதை முன்பக்க லேபிளிலேயே சொல்லியாக வேண்டும். ஊர்ப் பெயர், திராட்சை ரகம், அறுவடை ஆண்டு ஆகியவற்றை முன்பக்கத்தில் போடவும் கூடாது. ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாதவர்களுக்கு இதுவே நல்ல வழி. ஜப்பான் கம்பெனி பாட்டிலின் முன்பக்கத்தில் ரகமும் ஆண்டும் இருந்தால் அது உள்நாட்டுத் திராட்சை. ஒரே ரகத்தின் பெயரைப் போட வேண்டுமானால் குறைந்தது 85 சதவீதம் அந்த ரகமாக இருக்க வேண்டும். ஆண்டுக்கும் அதே கணக்கு.

மீதி விலை, மழைக்கும் கைவேலைக்கும். ஜப்பானில் திராட்சை பழுக்கும் நேரத்தில்தான் புயலும் மழையும் வரும். நனைந்த கொத்து அழுகிவிடும். அதனால் யமனாஷி மாகாணத்தில் காற்றோட்டத்துக்காகக் கொடியை உயரமான பந்தலில் ஏற்றுகிறார்கள். சில தோட்டங்களில் மெழுகு பூசிய காகிதத்தைச் சின்னக் குடையாக மடித்து ஒவ்வொரு கொத்தின் காம்பிலும் மாட்டுகிறார்கள். எல்லாம் கையால், ஒவ்வொரு கொத்தாக. இதற்கு நடுவே, கடையில் நல்ல விலை போகும் ஷைன் மஸ்கட் போன்ற சாப்பாட்டுத் திராட்சைக்கு மாறுகிற விவசாயிகளும் இருக்கிறார்கள். ஒயின் திராட்சைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்தால்தான் அந்தக் கொடிகள் மிஞ்சும். 2,000 யென் நியாயமான விலை என்றே சொல்வேன்.

கேள்வி: எல்லோரும் சொல்கிறார்களே என்று 'கோஷு' ஒயின் வாங்கினேன். சீஸ் பீட்சாவோடு குடித்தால் தண்ணீர் மாதிரி இருந்தது. ஏமாந்துவிட்டேனா?

ஒயினில் குறையில்லை, ஜோடிதான் பொருந்தவில்லை. கோஷு ஜப்பானின் அடையாளத் திராட்சை. ஐரோப்பிய வினிஃபெரா இனத்தோடு கிழக்காசியக் காட்டுத் திராட்சையும் கலந்த பரம்பரை. பழுத்தால் தோல் வெளிறிய ரோஜா நிறம், ஒயினோ கிட்டத்தட்ட நிறமே இல்லாத வெள்ளை. எலுமிச்சை, நாரத்தை வகைப் பழங்களின் மெல்லிய வாசம், கடைசியில் தோலின் இலேசான கசப்பு, ஆல்கஹால் பெரும்பாலும் 11, 12 சதவீதம். உருகிய சீஸும் தக்காளியும் இதை அப்படியே மூழ்கடித்துவிடும்.

அடுத்த பாட்டிலை சாஷிமியோடு, அதாவது பச்சை மீன் துண்டுகளோடு, திறந்து பாருங்கள். பச்சை மீனோடு சிவப்பு ஒயின் குடித்தால் வாயில் ஒரு மீன் கவிச்சி நிற்குமே, அதற்குக் காரணம் ஒயினில் உள்ள இரும்புச் சத்து என்று ஜப்பானின் மெர்சியான் ஒயின் நிறுவன ஆய்வாளர்கள் 2009-ல் காட்டினார்கள். இரும்பு கூடக் கூட கவிச்சியும் கூடியது. கோஷுவில் பொதுவாக இரும்பு குறைவு. அதனால் மீனும் சிப்பியும் தங்கள் சுவையோடு நிற்கின்றன. சாஸில் தோய்க்காமல் உப்பு மட்டும் தொட்டுச் சாப்பிடும் டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது), அசல் வசாபி வைத்த சோபா நூடுல்ஸ், குளிர்ந்த தோஃபு எல்லாமே பொருந்தும். சைவக்காரர்களுக்குக் காய்கறி டெம்புராவைத்தான் முதலில் சொல்வேன். அந்த இலேசான கசப்பு எண்ணெயைச் சுத்தமாக வெட்டும்.

தண்ணீராகத் தெரிந்ததற்கு இன்னொரு காரணம் அதீதக் குளிர்ச்சியாகவும் இருக்கலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். 10 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போனால்தான் கோஷு வாய் திறக்கும். இன்னும் கொஞ்சம் திடம் வேண்டுமானால் லேபிளில் 'சுர் லீ' என்று இருப்பதை எடுங்கள். அது ஈஸ்ட் வண்டலோடு சில மாதம் ஊற வைத்த ஒயின். சாதாரண கோஷுவை வருஷக்கணக்கில் சேமிக்க வேண்டாம், வாங்கி ஓரிரு வருஷத்தில் குடித்துவிடுங்கள்.

கேள்வி: சிவப்பில் எதை வாங்கலாம்? வீட்டில் யாகிதோரி (குச்சியில் கோத்துச் சுட்ட கோழி), சுகியாகி (சோயா சாஸில் இனிப்பாக வேகும் மாட்டிறைச்சி) அடிக்கடி உண்டு.

மஸ்கட் பெய்லி ஏ. நீகதா மாகாணத்தில் 1890-ல் இவானோஹரா தோட்டத்தைத் தொடங்கிய கவகாமி செம்பெய், அங்கே 1927-ல் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய ரகம். ஜப்பானின் ஈரத்தையும் பனியையும் தாங்கும் அமெரிக்க வழிக் கொடியான பெய்லி ஒரு பெற்றோர். இன்னொன்று மஸ்கட் ஹாம்பர்க். நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு பெற்றதே, அதுவும் மஸ்கட் ஹாம்பர்க்தான். கம்பத்துப் பந்தலில் காய்க்கும் அதே ரகத்தின் பிள்ளை நீகதாவில் பிறந்திருக்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஒயினில் ஸ்ட்ராபெர்ரி, காய்ச்சிய சர்க்கரை வாசம் தூக்கலாக இருக்கும், துவர்ப்பு குறைவு. சோயா சாஸும் மிரின் என்ற இனிப்புச் சமையல் மதுவும் சேர்ந்து பளபளக்கும் இனிப்பு-உப்புக் குழம்பு எதுவானாலும் இதோடு சேரும். யாகிதோரியை உப்பில் சுட்டதாக வாங்காமல் 'தாரே' என்ற இனிப்பு சோயா சாஸ் பூசியதாக வாங்குங்கள். சுகியாகி, அதே மாதிரி சாஸ் பூசிச் சுட்ட விலாங்கு மீன் கபயாகி இரண்டும் அருமை. இலேசாகக் குளிர வைத்தே குடிக்கலாம். வெறும் மாட்டிறைச்சி ஸ்டேக் என்றால் இது போதாது. அதற்கு நாகனோ மாகாணம் ஷியோஜிரி பக்கத்து மெர்லோ ரகச் சிவப்பு ஒயினைத் தேடுங்கள். விலை கூடும்.

கேள்வி: ஹொக்கைடோவில் வாங்கிய 'நயாகரா' வெள்ளை ஒயின் திராட்சை ஜூஸ் மாதிரி மணக்கிறது, இனிக்கிறது. கெட்டுப்போனதா?

இல்லை. நயாகரா அமெரிக்க லாப்ருஸ்கா வழி வந்த ரகம், அதன் இயல்பே அந்த மணம். பழத்தோடும் கேக்கோடும் குடித்து முடியுங்கள். இனிப்பு வேண்டாமென்றால் 'கராகுச்சி' கேளுங்கள், 'அமகுச்சி' என்றால் இனிப்பு. ஹொக்கைடோவிலேயே கெர்னர் என்ற ஜெர்மன் ரகம் அருமையாக விளைகிறது. அங்கத்து ஸ்காலப் சிப்பியை வெண்ணெயில் வதக்கி அதோடு குடிக்கலாம்.

கேள்வி: ஊருக்கு வரும்போது சில பாட்டில் கொண்டுவர ஆசை. எங்கே வாங்குவது, எத்தனை கொண்டுவரலாம்?

முடிந்தால் யமனாஷியின் கட்சுநுமாவுக்கே போய் வாருங்கள். ஷின்ஜுகுவிலிருந்து சூவோ தடத்தில் ஒன்றரை மணி நேரம். ஒயின் தயாரிப்பவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். 'புதோ நோ ஒகா' என்ற நகராட்சி மையத்தின் நிலவறையில் பல தயாரிப்பாளர்களின் ஒயினை ருசித்துப் பார்த்து வாங்கலாம். கார் வேண்டாம், ரயிலில் போங்கள். ஜப்பானில் குடித்து ஓட்டியவரோடு கூட உட்கார்ந்து வந்தவருக்கும் தண்டனை உண்டு.

இந்தியாவுக்குள் ஒருவர் சுங்கவரி இல்லாமல் 2 லிட்டர் மதுவே கொண்டுவரலாம். அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு, மூன்றாவது வைத்தால் வரம்பு தாண்டும். ஜப்பானில் 720 மில்லியும், அதில் பாதியாக 360 மில்லியும் கிடைக்கின்றன. இரண்டு பெரியது, ஒரு சின்னது என்று எடுத்தால் 1.8 லிட்டரில் நின்றுவிடும். ஒரு கோஷு, ஒரு மஸ்கட் பெய்லி ஏ, சின்ன பாட்டிலில் ஒரு இனிப்பு ஒயின் என்று வாங்குங்கள். விமான நிலையத்துக்கு வெளியே கடையில் வாங்கியதைக் கைப்பையில் கொண்டுவர முடியாது. துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள், பில்லை மட்டும் கையில் வைத்திருங்கள்.