டயரைத் தின்பது கேம்பரா, டோவா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (காட்பாடி வாசகர்): சார், என்னிடம் 2017 ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 இருக்கிறது. வண்டியைத் தாழ்த்த லோயரிங் ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். தினமும் ராணிப்பேட்டை ஆபீஸ், ஞாயிறு விடியற்காலை ஏலகிரி, எப்போதாவது இருங்காட்டுக்கோட்டை டிராக். 12,000 கி.மீ.யிலேயே முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் மொட்டையாகிவிட்டன. அலைன்மென்ட் கடைக்காரர் ‘கேம்பர் ஓவர், அதான் டயரைத் திங்குது, ஜீரோ பண்ணணும்’ என்கிறார். டிராக் நண்பர்கள் ‘மூணு டிகிரி வை’ என்கிறார்கள். அலைன்மென்ட் மெஷின் கொடுத்த பிரிண்டில் இருப்பது: முன் கேம்பர் இடது -1°48', வலது -1°40'. டோ இரண்டு பக்கமும் -0°20'. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். பிரிண்டைப் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது. பாதிப் பேர் அந்தத் தாளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள், நீங்கள் பத்திரமாக வைத்திருந்ததே பெரிய விஷயம்.

முதலில் அந்த 48. அதை 1.48 என்று படிக்காதீர்கள், அது நிமிடக் கணக்கு. 60 நிமிடம் ஒரு டிகிரி, ஆக உங்கள் இடது கேம்பர் 1.8 டிகிரி. இந்தக் குழப்பத்தால் ஒருவர் நிமிடத்திலும் இன்னொருவர் தசமத்திலும் பேசி, கடைசியில் யாரும் கேட்காத அளவு ஒன்று வண்டியில் ஏறிவிடும்.

சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது நெகட்டிவ் கேம்பர். வளைவில் பாடி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் நிமிர்ந்து, அதையும் தாண்டி வெளியே சாயப் பார்க்கும், அந்த நேரத்தில் டயர் முழுசாகத் தரையில் படிய வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைக்கிறோம். ஆனால் நேர் ரோட்டில் டயரின் உள்விளிம்பு கொஞ்சம் அதிகச் சுமை தாங்கும், அவ்வளவுதான். 1.8 டிகிரி மட்டும் 12,000 கி.மீ.யில் ஒரு நல்ல டயரை மொட்டையடித்துவிடாது.

உண்மையான குற்றவாளி அந்த -0°20'. கழித்தல் குறி போட்டால் டோ அவுட், அதாவது மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரத்தின் முன்பக்கமும் வெளியே பார்த்து நிற்கின்றன. இருபது நிமிடம் என்பது ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் சக்கரம் கிட்டத்தட்ட 6 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. வேலூரிலிருந்து சென்னைக்குச் சுமார் 140 கி.மீ. என்று வைத்தால், ஒரு தடவை போய்ச் சேருவதற்குள் 800 மீட்டருக்கு மேல் டயரைத் தார்மேல் தேய்த்துக்கொண்டு போகிறீர்கள். ஏற்கெனவே கேம்பரால் சுமை உள்விளிம்பில் நிற்க, டோ அவுட்டும் அந்த விளிம்பையே பிடித்துத் தேய்க்க, தேய்மானம் எங்கே தெரியுமோ அங்கேதான் தெரிந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் டயரின் குறுக்கே உள்ளங்கையை ஒரு தடவை வெளியேயிருந்து உள்ளேயும், ஒரு தடவை உள்ளேயிருந்து வெளியேயும் ஓட்டிப் பாருங்கள் (கம்பி வெளியே வந்திருந்தால் வேண்டாம், கையைக் கிழிக்கும்). ஒரு திசையில் வழவழப்பும் எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி சொரசொரப்பும் இருந்தால் அது டோ வேலை.

இது எப்படி வந்தது? ஸ்பிரிங் மாற்றி வண்டியை இறக்கினால் கேம்பர் மட்டும் மாறாது, டோவும் கூடவே மாறும். இறக்கிய கையோடு டோவைச் சரிபார்க்காமல் விட்டிருப்பார்கள். ஸ்பிரிங் போட்ட பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, உயரம் படிந்ததும் மறுபடி ஒரு அலைன்மென்ட் கட்டாயம்.

கடைக்காரர் சொல்கிற ஜீரோவுக்கு வருவோம். உங்கள் வண்டியில் முன்பக்க ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகம்) செருகி இறுக்கியது, அதனால் ஸ்விஃப்ட்டில் போடுகிற மாதிரி, சாய்வை மாற்றும் கேம்பர் போல்ட் போட முடியாது. சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃப்ரேமைக் கொஞ்சம் நகர்த்தி இடது, வலது வித்தியாசத்தைச் சமப்படுத்தலாம், ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும், மொத்தம் மாறாது. அதற்கு மேல் வேண்டும் என்றால் ஸ்ட்ரட்டின் மேல்முனையை நகர்த்த உதவும் கேம்பர் பிளேட்டை மேலே போட வேண்டும். ‘ஜீரோ பண்ணித் தரேன்’ என்கிறவர் எந்த போல்ட்டைத் திருப்பப் போகிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூன்று டிகிரி? முழுநேர டிராக் வண்டி, செமி ஸ்லிக் (பள்ளக்கோடு குறைவான டிராக்) டயர் என்றால் அது நியாயமான அளவு. தினமும் ஹைவேயில் ஓடி, நேர்கோட்டில் பிரேக் அடிக்கிற வண்டிக்கு அது தேவையில்லை. ஏலகிரிக்குமே தேவையில்லை, அங்கே 14 கொண்டை ஊசி வளைவும் ஸ்டியரிங்கை நிறைய ஒடித்து மெதுவாகத் திரும்புகிறவை. அவ்வளவு ஒடிக்கும்போது காஸ்டர் கோணமே (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) வெளிச்சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பரைக் கூட்டிக் கொடுத்துவிடும். கேம்பரின் அருமை தெரிவது இருங்காட்டுக்கோட்டை மாதிரி இடத்தில், ஸ்டியரிங் கொஞ்சமாக, வேகம் அதிகமாக இருக்கிற நீண்ட வளைவுகளில். (ஏலகிரியில் வளைவு முழுக்க அடைத்துக்கொண்டு அரசு பஸ் இறங்கும், அதற்கு எந்த செட்டிங்கும் உதவாது.)

நான் செய்வதாக இருந்தால் கேம்பரைத் தொடமாட்டேன், இரண்டு பக்கத்தையும் சமமாக்கினால் போதும். முதலில் பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் மூட்டுகளும் ரப்பரும்) ஆட்டம் பார்க்கச் சொல்லுங்கள், ஆடுகிற புஷ்ஷை வைத்துக்கொண்டு எடுக்கிற அளவு வண்டி கடை வாசலைத் தாண்டும்வரைதான் நிற்கும். காற்று சரியாக அடித்து, டேங்க் பாதியாவது இருக்கட்டும். பின்பக்கம் முதலில். உங்கள் வண்டிக்குப் பின்னால் மல்டி லிங்க் (பல தண்டுகள் சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன்), கேம்பரும் டோவும் இரண்டுமே எக்சென்ட்ரிக் போல்ட்டில் (மையம் விலகிய போல்ட்) திருப்பலாம், ‘முன்னாடி மட்டும் போதும்’ என்றால் வேறு கடை பாருங்கள். பின் டோ கொஞ்சம் உள்ளேதான் இருக்க வேண்டும். அது வெளியே போனால் மலை இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் வழுக்கும். அப்புறம் முன் டோ, ஜீரோ அல்லது இரண்டு மூன்று நிமிடம் உள்ளே. டோ எப்போதும் கடைசியில்தான், ஏனென்றால் கேம்பரைத் தொட்டாலே டோ நகர்ந்துவிடும்.

இன்னும் கீழே இறக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், வளைவில் ஸ்ட்ரட் அமுங்க அமுங்கக் கேம்பர் கூடுவதற்குப் பதில் குறையும். பார்க்க அழகு, திரும்பும்போது அழுகை. டிராக்கில் போதுமா போதாதா என்று தெரிய, சில ரவுண்டு அடித்து பிட்டுக்குள் வந்ததும் ஊசி குத்துகிற டெம்பரேச்சர் மீட்டரால் டயரின் உள், நடு, வெளி மூன்றிலும் அளந்து பாருங்கள். உள்ளே கொஞ்சம் அதிகச் சூடு என்றால் சரி. வெளியே அதிகம் என்றால் அப்போது கேம்பர் பிளேட் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி (ஆம்பூர் வாசகி): அலைன்மென்ட் செய்து இரண்டு நாள்தான் ஆகிறது. பெங்களூரு ஹைவேயில் ஸ்டியரிங்கை விட்டால் கார் இடது பக்கமே போகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள் அம்மா. மழைநீர் வடிய ரோட்டையே ஓரத்துக்குச் சரித்துத்தான் போடுவார்கள், நாம் இடது பக்கம் ஓட்டுவதால் வண்டியும் மெதுவாக அந்தப் பக்கம் நகரும். சமதளமான இடத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் வெடுக்கென்று இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள் (டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் மாற்றக் கூடாது). இழுப்பு வலது பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறவில்லை என்றால் பிரிண்டில் இரண்டு பக்கக் கேம்பரும் காஸ்டரும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கேள்வி (குடியாத்தம் வாசகர்): 90-க்கு மேல் போனால் ஸ்டியரிங் நடுங்குகிறது. அலைன்மென்ட் எவ்வளவு நாளுக்கு ஒரு முறை?

பதில்: நடுக்கத்துக்குப் பெரும்பாலும் வீல் பேலன்சிங்தான் மருந்து. அதில் சரியாகவில்லை என்றால் ரிம் கோணியிருக்கிறதா பாருங்கள். அலைன்மென்ட்டுக்கு நாள் கணக்கு பார்க்காதீர்கள். பெரிய பள்ளத்தில் விட்டாலோ, ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ, சஸ்பென்ஷனைக் கழற்றி மாட்டினாலோ செய்யுங்கள். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருவில் குடியிருந்தால் கொஞ்சம் அடிக்கடி.

கேள்வி (ஆற்காடு வாசகர்): எஃப்1 காரில் சக்கரம் நன்றாகச் சாய்ந்திருக்கிறதே அண்ணா, என் ஸ்விஃப்ட்டிலும் அந்த மாதிரி வைக்கலாமா?

பதில்: தம்பி, எஃப்1 காரர்களே அதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2011-இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் டயர் கம்பெனி பைரெல்லி பரிந்துரைத்த 4 டிகிரியைத் தாண்டி ரெட் புல் அணி முன் கேம்பர் வைத்தது, தகுதிச் சுற்றிலேயே டயர்கள் கொப்பளித்துவிட்டன. அந்த அணியின் வெட்டல் அந்தப் பந்தயத்தை ஜெயித்தார் என்பது வேறு கதை. ஸ்விஃப்ட்டில் முன்பக்கம் கேம்பர் போல்ட் போட்டு ஒரு டிகிரி வரை உள்ளே கொண்டுவரலாம், வளைவில் மூக்கு நன்றாகத் திரும்பும். பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு), ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்தால் ஒழிய எதுவும் நகராது, அதை அப்படியே விட்டுவிடுங்கள். போல்ட் மாற்றிய அன்றே டோ பார்க்காமல் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.