சோடியம்னா உப்புதானே, உப்பைக் குறைச்சா பிட்ஸ் நிக்குமா?

கேள்வி: என் பையனுக்கு நாலாவது மாசம் ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி ஜுரம் வந்து அரை மணி நேரம் ஒரு பக்கமா இழுத்துச்சு. அப்புறம் ஜுரம் வந்தாலே பிட்ஸ். ஒரு இடத்துல குடுத்த மாத்திரையில இன்னும் அதிகமாச்சு. இப்ப மூணு வயசு. பெங்களூர்ல ஜீன் டெஸ்ட் எடுத்து டிராவே சிண்ட்ரோம், சோடியம் சேனல்ல குறைன்னு சொல்லிட்டாங்க. சோடியம்னா உப்புதானேன்னு அவன் சோத்துல உப்பைக் குறைச்சுட்டேன். ஊசி போட்டதாலதான்னு மாமியார் தினம் சொல்றாங்க. என் தப்பா மேடம்?
ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: முதல்ல அந்த உப்பை இன்னிக்கே பழையபடி போடுங்கம்மா. ரத்தத்துல சோடியம் ரொம்ப இறங்கினா அதுவே தனியா பிட்ஸ் வர ஒரு காரணம்.

உங்க ஊருக்கு மேல இருக்கற கே.ஆர்.பி. டேம் ஷட்டரைப் பாத்திருப்பீங்க. நரம்பு செல்லோட தோல்லயும் அது மாதிரி புரதத்துல ஆன குட்டி குட்டி ஷட்டர் இருக்கு, அதுதான் சேனல். ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரம் திறக்கும், வெளிய இருக்கற சோடியம் உள்ள பாயும், நரம்புல கரண்ட் ஓடறதுங்கறது அதுதான். உங்க பையனுக்கு தண்ணியில குறை இல்ல, ஷட்டர்ல குறை, அதனால தண்ணியைக் குறைச்சு பிரயோஜனம் இல்ல.

இது கண்ணால பாத்த விஷயம்மா. 1952ல ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ரெண்டு பேரும் கணவாயோட தடிச்ச நரம்பை வச்சு இந்தக் கரண்ட்டுக்கு கணக்கு போட்டாங்க, 1976ல ஜெர்மனியில நேயர், சாக்மன் ரெண்டு பேரும் ஒத்தை சேனலோட கரண்ட்டையே பிடிச்சாங்க, 1991ல நோபல் குடுத்தாங்க. நானும் வருஷக்கணக்கா அந்த வேலை செஞ்சவ. தலைமுடியை விட பல மடங்கு மெல்லிசா இழுத்த கண்ணாடிக் குழாயை மைக்ரோஸ்கோப் அடியில செல்லுமேல வச்சு, மூச்சை லேசா உறிஞ்சினா ஒட்டிக்கும், அப்ப ஸ்கிரீன்ல ஒரு கோடு டக்குனு படி மாதிரி இறங்கி மறுபடி ஏறும், அது ஒரே ஒரு ஷட்டர் திறந்து மூடினது, செகண்டுக்கு ஒரு கோடி கணக்குல சோடியம் போற வேகம். முதல் தடவை பாத்த அன்னிக்கு எனக்கு சாப்பாடு இறங்கல.

சரி, சேனல் குறைஞ்சா கரண்ட்டும் குறையணுமே, பிட்ஸ் ஏன்? இந்த ஷட்டரை எப்படிச் செய்யணும்னு சொல்ற ஜீன் பேரு எஸ்சிஎன்1ஏ, டிராவேக்கு இதுதான் காரணம்னு 2001ல தெரிஞ்சுது. ஆனா ஏன்னு புரிஞ்சது 2006ல, சியாட்டில்ல வில்லியம் கேட்டரால் குழு எலியில பாத்தப்பதான். இந்த சேனலை அதிகமா நம்பி இருக்கறது மூளையில பிரேக் போடற செல்லுங்க. அதுங்க ஓஞ்சு போச்சு, மத்த செல்லை அடக்க ஆள் இல்ல. கார்பமசெபின், பெனிடாயின், லாமோட்ரிஜின் மாதிரி சோடியம் சேனலை அடைக்கற மாத்திரைங்க வேற வலிப்புக்காரங்க நிறைய பேருக்கு நல்லா கேக்கும், இங்க மிச்சம் இருக்கற பிரேக்கையும் பிடுங்கிடும். அன்னிக்கு உங்க பையனுக்கு அதிகமானது அனேகமா இதனாலதான் இருக்கும். பழைய சீட்டை எடுத்துட்டுப் போய் இப்பப் பாக்கற டாக்டர்கிட்ட காட்டுங்க, நீங்களா எந்த மாத்திரையும் நிறுத்தாதீங்க.

இப்ப உங்க மாமியாருக்கு. இதை அவங்களுக்கே படிச்சுக் காட்டுங்க. 2006லயே ஆஸ்திரேலியாவுல ஊசியாலதான் மூளை கெட்டுச்சுன்னு சொன்ன 14 பேரை டெஸ்ட் பண்ணாங்க, 11 பேருக்கு இதே ஜீன்ல குறை இருந்துச்சு. ஊசி போட்ட ஜுரத்துல முதல் பிட்ஸ் கொஞ்சம் முன்னாடி வரலாம், ஆனா வியாதி கரு உருவானப்பவே இருந்தது. முக்காவாசி பேருக்கு இந்தக் குறை அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் இருக்காது, ஜீன்ல புதுசா விழுந்த எழுத்துப்பிழை மாதிரி. யார் மேலயும் தப்பு இல்லம்மா, உங்க மேல துளி கூட இல்ல. பாக்கி ஊசி இருந்தா ஜுரத்துக்கு என்ன மருந்துன்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுட்டுப் போடுங்க.

சுடுதண்ணி ஊத்தாதீங்க, வெதுவெதுப்பு போதும், உடம்பு சூடே இவங்களுக்கு ஆகாது. சித்திரை வெயில்ல மாங்காத் தோப்புக்கு மத்தியானம் கூட்டிட்டுப் போகாதீங்க. பிட்ஸ் வந்தா கையில சாவி வேணாம், வாயில ஸ்பூன் வேணாம், ஒருக்களிச்சுப் படுக்க வச்சு மணியைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா மூக்குல அடிக்கற மிடாசோலம் ஸ்பிரே இருக்கு, எவ்வளவு அடிக்கணும்னு அடுத்த தடவை எழுதி வாங்கிக்கோங்க, கிருஷ்ணகிரிக்கு வண்டி பிடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள அது உங்க கையில இருக்கணும்.