கையெழுத்திடாதவன்

கேள்வி: கொடையாளர் ஒருவரின் விந்தணுவைக் கொண்டு எங்களுக்குப் பிறந்த மகனுக்கு இப்போது ஒன்பது வயது. என் மாமியாருக்கும் மைத்துனிக்கும் இது தெரியும், அவனிடம் சொல்லவில்லை. கொடையாளரின் பெயரையே பிள்ளைகளுக்குத் தெரிவிக்கச் சில நாடுகள் சட்டம் இயற்றியிருப்பதாகப் படித்தேன். நதிமூலம், ரிஷிமூலம் ஆராயக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தாதா? பெயர் வெளிவரும் என்றால் எவர்தான் கொடை தர முன்வருவார்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செங்காங், சிங்கப்பூர்

பதில்: நதிமூலம் பார்க்காதே என்பது கரையில் நிற்கும் ஊராருக்குச் சொன்ன புத்திமதி, நதிக்குச் சொன்னதன்று. மகனின் பிறப்பைப் பற்றி அண்டை வீட்டார் கேட்டால் பதில் சொல்லாதிருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அவனே கேட்டால் அந்த உரிமை இல்லை. பெயர் மறைப்பு என்பது கொடையாளரும் மருத்துவமனையும் பெற்றோரும் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு. வாழ்நாள் முழுவதும் அதற்குக் கட்டுப்பட வேண்டியவன் மட்டும் அதில் கையெழுத்திடவில்லை.

கொடை வற்றிவிடும் என்ற அச்சம் பழையது. சுவீடன் 1985-லேயே பெயர் மறைப்பை நீக்கியது. பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிவு செய்துகொண்ட கொடையாளரின் அடையாளத்தை, பிள்ளை 18 வயதில் கேட்டுப் பெறலாம். அங்கே கொடை நின்றுவிடவில்லை. ஆனால் தேவையின் ஒரு பகுதியை வெளிநாட்டு விந்து வங்கிகளே ஈடுசெய்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2017-இல் ஒரு படி மேலே சென்று, பெயர் வெளிவராது என்ற உறுதியின் பேரில் முன்பு கொடுத்தவர்களின் அடையாளத்தையும் திறந்துவிட்டது. அது எனக்கே நெருடுகிறது. கொடுத்த வாக்கை மீறுவதைவிட, இனி அத்தகைய வாக்கைக் கொடுக்காதிருப்பதே நேர்மை. சிங்கப்பூரில் பிள்ளைக்கு அந்த உரிமையைத் தரும் சட்டம் இன்னும் இல்லை. இயன்றவரை தன் பெற்றோரை அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று கூறும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் 1995-இலேயே இணைந்த நாடு இதைப் பேசத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் சட்டம் வரும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கொடையாளர் யார் என்பதைச் சொல்ல உங்களால் இயலாது. கொடையாளர் ஒருவர் இருந்தார் என்பதைச் சொல்ல இயலும். அக்காலத்தில் இங்கும் மலாயாவிலும் சீனப் பெண்குழந்தைகளைத் தத்தெடுத்து, தமிழ் பேச வைத்து, பூச்சூட்டித் தாலி கட்டிக் கொடுத்த குடும்பங்கள் பல உண்டு. முகமே உண்மையைச் சொல்லிவிட்டதால், மறைப்பதா வேண்டாமா என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை, பாசமும் குறைந்துவிடவில்லை. உங்களுக்கு மறைக்க முடிகிறது என்பதே உங்கள் சோதனை. அதுவும் எத்தனை நாளைக்கு? சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்த 1983-இல், ஒரு துளி உமிழ்நீரை அஞ்சலில் அனுப்பி உறவினரைக் கண்டுபிடிக்கலாம் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். இன்று கொடையாளர் அந்த மரபணுச் சோதனையைச் செய்யாவிட்டாலும், அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் செய்திருந்தால் போதும். அதற்கு முன்பே, மருத்துவர் குடும்பத்தில் யாருக்கு இதய நோய், யாருக்கு நீரிழிவு என்று கேட்கும்போது, உங்கள் தகப்பனாரின் நோயைத் தன் பரம்பரையாக உங்கள் மகன் ஒப்பித்துக்கொண்டிருப்பான்.

உங்கள் கேள்விக்குள் எழுதாமல் விட்ட அச்சமும் தெரிகிறது: அவன் உங்களை அப்பா என்று அழைப்பதை நிறுத்திவிடுவானோ? இங்கே 2013-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மனைவியின் சிகிச்சைக்கு இசைவு தந்த கணவரே தந்தை, கொடையாளர் அல்லர். பிறப்புச் சான்றிதழில் அவன் பெயரோடு ஒட்டியிருக்கும் உங்கள் பெயரை எந்த மரபணு அறிக்கையும் அழித்துவிடாது. அந்த உறவைக் கெடுக்கக்கூடியது, மாமியாரும் மைத்துனியும் அறிந்திருந்ததைத் தான் மட்டும் அறியாமல் வளர்ந்தோம் என்று அவன் இருபது வயதில், அதுவும் ஒரு குடும்பச் சண்டையின் நடுவே, கேட்டுத் தெரிந்துகொள்வதுதான்.

ஆகவே அவன் பதின்ம வயதை எட்டும் முன், நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்து சொல்லுங்கள். தயக்கம் இருந்தால் குடும்ப ஆலோசகர் ஒருவரிடம் முதலில் பேசுங்கள். சிகிச்சை பெற்ற மருத்துவமனையிடம், கொடையாளரின் பெயர் நீங்கலாக அவருடைய இனம், இரத்த வகை, உடல்நல வரலாறு ஆகியவற்றில் எவை கோப்பில் உள்ளன, எவற்றைத் தர முடியும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். மகன் கேட்கும் நாளில் அந்தக் காகிதமாவது உங்கள் கையில் இருக்கட்டும்.