ஊழியத்துக்காக நிரந்தரமாக கென்யா போகிறோம், வீட்டையும் நிலத்தையும் விற்றுவிடலாமா?

கேள்வி: நாங்கள் தூத்துக்குடி மாவட்டம். கணவருக்கு 41 வயது, தனியார் மில்லில் 11 வருடமாக மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர். நான் ஸ்டாஃப் நர்ஸ். மகள் ஒன்பதாவது, மகன் நாலாவது படிக்கிறார்கள். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். கென்யாவில் எல்டோரெட் பக்கம் ஒரு சபை எங்களை ஊழியத்துக்கு அழைத்திருக்கிறது, நிரந்தரமாகவே போய்விடுவதென்று தீர்மானித்துவிட்டோம். கணவர் பெயரில் உள்ள வீட்டையும் என் பெயரில் உள்ள ஒன்றரை ஏக்கர் வயலையும் விற்றுவிட்டு, மே மாதம் டூரிஸ்ட்டாகப் போய் இறங்கி, அங்கே வைத்து விசாவை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். நான் தயங்கினால் விசுவாசக் குறைவு என்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் தயக்கத்தில் அழைப்பின் மேல் சந்தேகம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தியோகியா சபை பவுலையும் பர்னபாவையும் உபவாசித்து ஜெபித்து அனுப்பியது நம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அப்போஸ்தலர் 14ஆம் அதிகாரத்தின் கடைசியில் அவர்கள் அதே அந்தியோகியாவுக்குத் திரும்பி வந்து சபையைக் கூட்டி நடந்ததையெல்லாம் சொன்னதை நாம் அவ்வளவாகப் பிரசங்கிப்பதில்லை. திரும்பி வர வழி வைத்துக்கொண்டு போனவர்கள் ஒன்றும் விசுவாசத்தில் குறைந்துபோகவில்லை. அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்: போங்கள், ஆனால் முதல் பெர்மிட் காலம் முடிகிறவரை திரும்ப வாங்க முடியாத எதையும் விற்க வேண்டாம், டூரிஸ்ட்டாகப் போய் இறங்கவும் வேண்டாம்.

இறங்குகிற விஷயத்தை முதலில் பார்ப்போம், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கென்யா 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதிலாக இணையத்தில் முன்கூட்டியே வாங்கும் பயண அனுமதி முறைக்கு மாறிவிட்டது. சுலபமாகக் கிடைக்கிறது என்பதால் பலர் அதை வைத்தே குடிபெயர்ந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அது பார்க்க வருகிறவர்களுக்கான அனுமதி, அதை வைத்து வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்காமல் பிரசங்கம் மட்டும் செய்தாலும் அதிகாரி அதை வேலையாகத்தான் பார்ப்பார். மிஷனரிகளுக்கென்றே அங்கே ‘கிளாஸ் ஐ’ என்று ஒரு பெர்மிட் இருக்கிறது, மத மற்றும் தர்ம ஸ்தாபனங்களில் பணி செய்கிறவர்களுக்கானது. பெரும்பாலும் இரண்டிரண்டு வருடமாகத் தந்து புதுப்பிப்பார்கள். உங்களை அழைக்கிற சபை, கென்ய அரசிடம் பதிவு பெற்ற அமைப்பாக இருந்து, உங்களுக்காக நிற்க வேண்டும். கணவருக்கு அது கிடைத்தால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் டிபென்டன்ட் பாஸ். ஆகவே அந்தச் சபையிடம் முதலில் கேட்க வேண்டியது அவர்களுடைய பதிவுச் சான்றிதழின் நகல். தர யோசிக்கிறார்கள் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். பெர்மிட் கையில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள், மே மாதம் ஆகஸ்ட் ஆனாலும் பரவாயில்லை. (நேபாளம் போக நினைக்கும் மற்ற வாசகர்களும் இதைக் கவனிக்கவும். இந்தியருக்கு அங்கே விசா வேண்டாம் என்பது உண்மைதான், ஆனால் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய குற்றவியல் சட்டப்படி ஒருவரை மதம் மாற்றினால் ஐந்து வருடம் வரை சிறை. எல்லையைச் சுலபமாகத் தாண்டலாம் என்பதை மட்டும் நம்பிக் குடும்பத்தோடு போகாதீர்கள்.)

இன்னொன்றையும் யோசித்துவிட்டுப் போங்கள். கென்யா சுவிசேஷம் கேட்காத நாடு கிடையாது. 1844இல் கிராப்ஃப் என்ற ஜெர்மன் மிஷனரி மொம்பாசாவில் வந்து இறங்கினார், இன்று 2019 சென்சஸ் கணக்குப்படி அந்த நாட்டு மக்களில் சுமார் 85 சதவீதம் கிறிஸ்தவர்கள். அவர்களே மிஷனரிகளை அனுப்புகிறார்கள். அதனால் நீங்கள் அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அவர்கள் சொல்ல வேண்டும், எழுத்தில். உங்கள் கணவரின் மெயின்டெனன்ஸ் அனுபவத்தை வைத்துப் பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க அழைக்கிறார்களா, சபை நடத்தவா, இன்னும் வடக்கே துர்க்கானா பக்கம் அனுப்பவா? துர்க்கானா என்றால் எல்டோரெட்டின் குளிரும் கிடையாது, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அவ்வளவு பக்கத்தில் கிடையாது, நீங்கள் போடுகிற கணக்கெல்லாம் மாறிவிடும். தங்க வீடு யார் தருகிறார்கள், மாதப்படி எவ்வளவு, யாருக்குக் கீழே வேலை, பிணக்கு வந்தால் யார் தீர்ப்பது, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரலாம், டிக்கெட் யார் செலவு என்பதெல்லாம் ஒரே ஒரு பக்கத்தில் இருந்தால் போதும். ஆனால் அவர்களும், உங்களை அனுப்புகிற நம் ஊர் சபையும், நீங்களும் அதில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

அப்புறம் உங்கள் வேலை. டிபென்டன்ட் பாஸில் போகிறவர் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. சம்பளம் வாங்காமல் சபை கிளினிக்கில் ஊசி போடலாமே என்பார்கள், கூடாது. கென்யாவில் நர்ஸ் வேலை செய்ய அவர்களுடைய நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். நீங்கள் வெறுமனே கூடப் போகிறவர் இல்லை, கைத்தொழிலோடு போகிற ஊழியக்காரி. உங்களுக்கும் தனி பெர்மிட் போட முடியுமா என்று சபையிடம் இப்போதே கேளுங்கள். இங்கே தமிழ்நாடு கவுன்சில் பதிவை விட்டுவிடாமல் புதுப்பித்து வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றி ஒரே வார்த்தை, ஒன்பதாவது படிக்கிறாள் என்று. எனக்கு இந்தக் கடிதத்தில் பெரிய விஷயமாகத் தெரிவது அதுதான். நாலாவது படிக்கும் பையன் எங்கே விட்டாலும் ஆறு மாதத்தில் சுவாஹிலி பேசிக்கொண்டு விளையாடப் போய்விடுவான். பதினாலு வயதுப் பெண்ணுக்குத் தோழிகள், பள்ளிக்கூடம், ஞாயிறு பாடகர் குழு என்று ஒரு முழு வாழ்க்கை இங்கே இருக்கிறது, அதை விட்டுவிட்டுத்தான் அவள் வர வேண்டும். அவளிடம் கேட்டீர்களா? தீர்மானித்த பிறகு சொல்வதை நான் கேட்பதென்று எண்ணவில்லை. அவள் அழுதால் அழட்டும், கோபப்பட்டால் படட்டும், அதை யாரும் அடக்க வேண்டாம், ஜெபத்தைச் சொல்லி வாயை அடைக்கவும் வேண்டாம். அவள் சொல்வதில் எதையெல்லாம் உங்களால் செய்து தர முடியுமோ அதையெல்லாம் செய்யுங்கள்.

படிப்புக் கணக்கு இப்படி. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் செப்டம்பரில் ஆரம்பிக்கும், பதினாலு வயதில் சேருகிற பத்தாம் ஆண்டில்தான் ஐஜிசிஎஸ்இ என்ற இரண்டு வருடப் படிப்பு தொடங்கும். ஒன்பதாவதை இங்கே முடித்துவிட்டு அந்தச் செப்டம்பரில் சேர்ந்தால் அவளுக்கு வருடம் வீணாகாது. அது தவறினால் பத்தாவது பொதுத் தேர்வை இங்கேயே எழுதி முடிக்கட்டும். பத்தாவதின் நடுவில் பிடுங்கிக்கொண்டு போவதைப் போல மோசமானது வேறில்லை. இந்தப் பள்ளிகளின் கட்டணம் பெரும்பாலும் ஊழியக்காரர்களின் மாதப்படிக்கு மேலே நிற்கும், அதையும் ஒப்பந்தத்தில் பேச வேண்டும். நைரோபிக்கு வடமேற்கே கிஜாபேயில் மிஷனரி பிள்ளைகளுக்காகவே 1906இல் தொடங்கிய ரிஃப்ட் வேலி அகாடமி இருக்கிறது. ஆனால் அது ஹாஸ்டல் பள்ளி, அமெரிக்கப் பாடத்திட்டம். ஹாஸ்டல் வேண்டுமா என்பதையும் அவள்தான் சொல்ல வேண்டும்.

பின்னால் கல்லூரிக்கு அவள் இந்தியா வர விரும்பலாம். வெளிநாட்டுப் பன்னிரண்டாவதுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் சமநிலைச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும், ஆகவே மேல்நிலைப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே அவர்களுடைய விதியைப் பார்த்துவிடுங்கள். மருத்துவம் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருக்க வேண்டும். இங்கே இருக்கும்போதே இ-சேவை மையத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் வாங்கி வையுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு தாசில்தார் ஆபீஸில் வேலை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று போனவர்களுக்குத் தெரியும்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் குடியேறிய இந்தியர், தான் இங்கே இருந்தபோது வாங்கிய விவசாய நிலத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே இருக்கும் காலம் முழுக்க புதிதாக விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்காது. நான்கு வருடம் கழித்து மனம் மாறி அந்த ஒன்றரை ஏக்கர் வேண்டும் என்றால், இந்தியாவுக்கு நிரந்தரமாகத் திரும்பிய பிறகுதான் வாங்க முடியும், அன்றைக்கு என்ன விலையோ அந்த விலையில். குத்தகைக்கு விடுங்கள். வீட்டிலும் மாமியாருக்கு வேண்டிய இடம் போக மீதியை வாடகைக்கு விடுங்கள். கணவர் இதற்கு ஒரு பதில் சொல்லலாம்: போன பிறகு விற்றால் வரிப் பிடித்தம் அதிகமாமே என்று. உண்மைதான். வெளிநாடு வாழ் இந்தியரிடம் வாங்குகிறவர் விலையிலிருந்து பெரிய பங்கை வரியாகப் பிடித்துத்தான் தர வேண்டும், ஆனால் முன்கூட்டியே வருமான வரித் துறையில் விண்ணப்பித்து, பிடித்தத்தைக் குறைக்கும் சான்றிதழ் வாங்கலாம், மிச்சத்தை ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம். அலைச்சல் இருக்கும், நஷ்டம் இருக்காது. வாடகைக்கு இருப்பவரும் உங்கள் வாடகையில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது, அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

போனதும் வங்கிக் கணக்குகளை வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிவிடுங்கள். பிபிஎஃப் சேமிப்புக் கணக்கு இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், நீட்டிக்க முடியாது. கணவரின் பிஎஃப் பணத்தை வெளிநாட்டுக் குடியேற்றத்தைக் காட்டி எடுக்கலாம். பென்ஷன் பகுதி வேறு, பத்து வருட சர்வீஸ் தாண்டியதால் அதை மொத்தமாக எடுக்க முடியாது, சர்வீஸைக் காட்டும் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்தால் பிற்காலத்தில் மாதப் பென்ஷன் வரும். இங்கே உள்ள மருத்துவக் காப்பீட்டை நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் திரும்பி வரும்போது காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

உங்களைத் தாங்குகிறவர்களின் காணிக்கை எப்படி வரும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இந்திய டிரஸ்ட் தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவழித்தால், வரித் துறையின் சிறப்பு அனுமதி இல்லாமல் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடையாது. அதனால் அனுப்பும் சபை ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். கணவரின் சொந்தக் கணக்கில் ஆளாளுக்கு ஜிபே செய்கிற ஏற்பாடு மட்டும் வேண்டவே வேண்டாம். ஊழியக்காரர்களின் பெயர் கெட்டதில் பாதி இப்படி ஆரம்பித்ததுதான்.

மாமியாரைப் பற்றி ஒரு சட்ட விஷயம், கணவரை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி, பிள்ளைகள் இருக்கும்போது பெற்ற தாய்க்கு ஒன்றுமில்லை. அந்த வீட்டில் அவர் கடைசிவரை இருக்கலாம் என்பதை உயிலில் எழுதிவைக்க வேண்டும். நீங்கள் இருவரும் இல்லாமல் போனால் பிள்ளைகளுக்கு யார் கார்டியன் என்பதும் அதிலேயே இருக்கட்டும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு பவர் எழுதும்போது வாடகை வாங்க, வரி கட்ட, ரிப்பேர் பார்க்க மட்டும் அதிகாரம் கொடுங்கள், விற்கும் அதிகாரம் வேண்டாம். கிளம்பும் முன்னே சார்பதிவாளர் ஆபீஸில் பதிவு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் நைரோபி இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பி, இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டியிருக்கும். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது யார் என்று கணவரின் உடன்பிறந்தவர்களோடு பெயர் சொல்லிப் பேசி முடியுங்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பது சரிதான், நடுராத்திரி ஆட்டோ பிடிக்க ஒரு ஆளும் வேண்டும்.

காகிதங்களில் நம் ஆட்கள் மாட்டுவது இனிஷியலில். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்திருக்கும், டிகிரியில் ஒரே எழுத்து இருக்கும், சபை ரிஜிஸ்டரில் மூன்றாவதாக ஒரு ஸ்பெல்லிங். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். சபையில் தந்த திருமணச் சான்று மட்டும் போதாது, அரசுப் பதிவு வேண்டும், பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானச் சான்று பிறப்புச் சான்றுக்கு ஈடாகாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடலாம், பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது. திரும்ப வரும்போது விமான நிலையத்தில் அந்தக் கார்டைக் கேட்பார்கள்.

நிரந்தரம் என்று சொல்கிறீர்களே, அதற்கு அங்கே ஒரு காலக்கணக்கு இருக்கிறது. ஏழு வருடம் பெர்மிட்டில் இருந்த பிறகுதான் கென்யாவில் நிரந்தரக் குடியிருப்புக்கே விண்ணப்பிக்கலாம். குடியுரிமையும் வாங்கலாமா என்று அப்போது கேள்வி வரும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, கென்ய பாஸ்போர்ட் வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ கார்டு கிடைக்கும்தான், ஆனால் 2021 மார்ச் அறிவிப்பின்படி ஓசிஐ கார்டுதாரர் இந்தியாவில் மிஷனரி வேலை செய்ய தனி அனுமதி வாங்க வேண்டும். உங்கள் சொந்த சேகரத்தில், அதாவது உங்கள் சபை வட்டாரத்தில், ஊழியம் செய்வதற்கே அப்படியொரு அனுமதி தேவைப்படலாம். நிரந்தரக் குடியிருப்போடு நிற்பது நல்லது என்பது என் கருத்து.

அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்து, ஒருமுறைகூட ஊருக்குப் போகாமல் 1951இல் டோனாவூரிலேயே இறந்தார், அதுதான் அர்ப்பணம் என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். நானும் அந்த அம்மாவை மிகவும் மதிக்கிறேன். அவருக்குத் திருமணமாகவில்லை, ஊரில் விட்டுவந்த வயதான மாமியார் இல்லை, ஒன்பதாவது படிக்கும் மகள் இல்லை. உங்கள் குடும்பத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீண்ட விடுமுறை வேண்டும், அந்த முதல் விடுமுறையில் ஊரில் உட்கார்ந்து நாலு பேரும் பேசுங்கள். இன்னும் போக வேண்டும் என்று மகளும் சொன்னால், அப்போது வீட்டை விற்பதைப் பற்றி யோசிக்கலாம். நிலத்தை அப்போதும் விற்க வேண்டாம்.

இந்த வாரமே அந்தச் சபைக்கு எழுதுங்கள்: பதிவுச் சான்று, கிளாஸ் ஐ விண்ணப்பத்துக்கு அவர்கள் எடுக்கும் நாட்கள், உங்களுக்குத் தனி பெர்மிட், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், இந்த நாலும் கேட்டு. உங்கள் சான்றிதழ்களுக்கு டெல்லி வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் என்ற சான்றொப்பம் போதுமா, கென்யத் தூதரக முத்திரையும் வேண்டுமா என்பதையும் அவர்கள் சொல்வார்கள். பதிலும் ஒப்பந்த வரைவும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.