நெறியாளர் கேட்ட இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்

தொலைக்காட்சி அரசியல் விவாதத்தை நெறியாளர் நன்றாக நடத்தினாரா என்று எதை வைத்துச் சொல்வது? இதுதான் கேள்வி. நான் திருகோணமலைக்காரன். மிகச் சிறிய அளவில் ஒரு தடவை அந்த நாற்காலியில் இருந்திருக்கிறேன். அதிலிருந்தே சொல்கிறேன்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலுக்கு முன், நிலாவெளிப் பக்கம் ஒரு விளையாட்டுக் கழகத்தில் வேட்பாளர்கள் சிலரைக் கூப்பிட்டுக் கதைக்க வைத்தோம். முகநூலில் நேரலையும் போனது. ஆளுக்கு இரண்டு நிமிடம். மணிக்கூட்டை மேசையில் வைத்துக்கொண்டு ஒருவரையும் பத்து விநாடி கூடுதலாகப் பேச விடவில்லை. சத்தம் இல்லை, சண்டை இல்லை, முடிந்ததும் எல்லோரும் கைகொடுத்தார்கள். வெளியே ஒரு மீனவர் ஐயா காத்துக்கொண்டு நின்றார். "தம்பி, நீங்க நேரத்தப் பாத்தீங்க, பதிலப் பாக்கல்ல" என்றார்.

மீன் கூட்டத்தை வளைத்து அப்படியே அள்ளும் சுருக்குவலையை நிற்பாட்டுவீர்களா, விடுவீர்களா என்று அவர் கேட்டிருந்தார். வேட்பாளர் இரண்டு நிமிடமும் கடற்றொழிலாளரின் கண்ணீரைப் பற்றியே பேசினார். நான் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டேன். "நிற்பாட்டுவீர்களா, விடுவீர்களா?" என்று திருப்பிக் கேட்க ஐந்து விநாடி போதும். கேட்கவில்லை. அது இன்னும் மனதை உறுத்துகிறது.

அதனால் இப்போது எந்த விவாதம் பார்த்தாலும் மறுகேள்வியைத்தான் முதலில் கவனிக்கிறேன். முதல் கேள்வியை யாரும் எழுதிக் கொடுக்கலாம். பதிலைக் காது கொடுத்துக் கேட்டவரால்தான் இரண்டாவதைக் கேட்க முடியும்.

அதற்குப் படித்துவிட்டும் வர வேண்டும். எங்கள் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை எடுங்கள். "எல்லாவற்றையும் இந்தியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 99 தாங்கிகளில் 14 இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசியிடம், 24 எங்கள் அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனியிடம். அந்தக் கம்பனியில் 51 வீதம் கூட்டுத்தாபனத்துடையது. இந்தக் கணக்கு கையில் இருக்கும் நெறியாளர், "இதில் எதை மாற்றுவீர்கள்?" என்று கேட்பார். "ஒன்றுமே கைவிட்டுப் போகவில்லை" என்று வாதிடுபவரையும் அதே கணக்கை வைத்து மடக்கலாம். கணக்குத் தெரியாதவர் தலையாட்டிவிட்டு விளம்பர இடைவேளைக்குப் போவார்.

குறுக்கே பேசுவதைக் கட்டுப்படுத்தவில்லை என்று திட்டுவதற்கு முன், நெறியாளர் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். 2020 செப்டம்பர் 29 அன்று கிளீவ்லாண்டில் நடந்த அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர் விவாதத்தில் டிரம்ப் திரும்பத் திரும்பக் குறுக்கிட்டபோது நெறியாளர் கிறிஸ் வாலஸிடம் தன் குரலைத் தவிர வேறொன்றும் இல்லை. அக்டோபர் 22 அன்று நாஷ்வில்லில் நடந்த அடுத்த விவாதத்தில், ஒவ்வொரு தலைப்பிலும் ஒருவர் தன் முதல் இரண்டு நிமிடத்தைப் பேசும்போது மற்றவரின் ஒலிவாங்கி நிறுத்தப்பட்டது. கிறிஸ்டன் வெல்கர் அன்று திறமையாக நடத்தினார், உண்மைதான். ஆனால் அந்தப் பாராட்டில் பாதி விதிக்குச் சேர வேண்டியது.

பொய்யைத் திருத்தலாமா? 2024 ஜூனில் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர் விவாதத்தில் சிஎன்என் நெறியாளர்கள் அதை வேட்பாளர்களிடமே விட்டார்கள். செப்டம்பரில் ஏபிசி நெறியாளர்கள் டிரம்பைச் சில இடங்களில் நேரடியாகத் திருத்தினார்கள். பதிவில் உள்ள விஷயம் என்றால் ஒரே வரியில் திருத்த வேண்டும் என்பதே என் கருத்து. எத்தனை தடவை என்பது இருவருக்கும் சமமாக வராது, வரவும் தேவையில்லை. அளவுகோல் ஒன்றாக இருந்தால் சரி.

எங்கள் நாட்டு விவாதங்களில் இன்னொன்றையும் பார்க்கிறேன். காணி, மொழி பற்றிய கேள்வி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது? கடைசி ஐந்து நிமிடத்தில் தள்ளிவிட்டால், பதில் சொல்லாமல் நழுவ நெறியாளரே வழிவிட்ட மாதிரி.

அப்புறம், என் மச்சான் வேறு கட்சிக்காரர். விவாதம் முடிந்ததும் இருவரும் ஒன்றைக் கேட்டுக்கொள்வோம்: "உங்கட ஆளுக்கு வலிச்ச கேள்வி எது?" போன தடவை அவர் உடனே ஒன்றைச் சொன்னார். நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. என் பக்கத்து ஆளை அந்த நெறியாளர் தடவிக்கொடுத்தே அனுப்பியிருக்கிறார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.