நர்ஸம்மா பதில்கள்: "எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஆனா அம்மாவுக்குத் தூக்கமே இல்லை"

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. பீடி சுற்றுகிறார். ஒரு நாளைக்கு 800 வரை சுற்றியவர், இப்போது 300 முடிப்பதற்குள் முறத்தைத் தள்ளி வைத்துவிடுகிறார். தலைபாரம், உடம்பெல்லாம் எரிச்சல், ராத்திரி மூணு மணிக்கே விழிப்பு. இந்த வருஷம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்க்கக்கூட வரவில்லை. ரத்தம், ஸ்கேன் எல்லாம் நார்மல். "மனசு சம்பந்தப்பட்டதா இருக்கலாம்" என்று டாக்டர் சொன்னதற்கு, "எனக்கென்ன பைத்தியமா, பாகாயம் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பாக்கறீங்களா" என்று ஒரே அழுகை. கோவாவில் ஒரு மனநல மருத்துவர், சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, பேசவைத்தே குணமாக்கினார் என்று படித்தேன். உண்மையா? அம்மாவுக்கு அது உதவுமா?
— பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: உண்மைதான் கண்ணு. அவர் விக்ரம் படேல். 1996-ல் கோவாவில் 'சங்கத்' என்ற அமைப்பை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியவர். நம் நாட்டில் மனநல மருத்துவர்கள் ரொம்பக் குறைவு, இருப்பவர்களும் பெரும்பாலும் நகரத்தில்தான், அப்படியானால் கிராமத்தில் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கும் அம்மாவை யார் கவனிப்பது என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. உள்ளூர் ஆட்களையே தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக உட்காரவைத்தார்கள். 2010-ல் வெளிவந்த ஆய்வில், அரசு சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் ஆலோசகரைப் பார்த்தவர்கள்தான் அதிகம் தேறியிருந்தார்கள்.

அடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரை வைத்து இன்னொரு ஆய்வு. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மீதிப் பேருக்கு அதோடு ஆறிலிருந்து எட்டு முறை பேச்சு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பேச்சு கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள், கிடைக்காதவர்களில் 39 சதவீதம். பேச்சு என்றால் "கவலைப்படாதே, எல்லாம் சரியாயிடும்" என்று தட்டிக்கொடுப்பது இல்லை. மனசு சோர்ந்தால் நாம் ஒவ்வொரு வேலையாக விட்டுவிடுகிறோம், விடவிட இன்னும் சோர்கிறோம். அதனால் விட்டுப்போனதில் ஒரு சின்ன வேலையைத் திரும்பக் கொண்டுவருவது, அடுத்த வாரம் அது நடந்ததா, நடக்கவில்லை என்றால் எது தடுத்தது என்று உட்கார்ந்து பார்ப்பது, இதுதான் முறை. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அந்த ஆலோசகர்கள் தாங்கள் பேசியதைப் பதிவு செய்து, கூட்டாக உட்கார்ந்து கேட்டு, ஒருவர் செய்த தப்பை இன்னொருவர் திருத்தினார்கள். நல்ல மனசு மட்டும் இருந்தால் போதும் என்று விட்டுவிடவில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் கிராம செவிலியராக இருந்தபோது ஒரு அம்மா மாதாமாதம் வருவார். அவருடைய நோட்டில் பதினோரு முறை ஒரே வரி: "தலைவலி, உடம்பு வலி". எழுதியது நான்தான். பதினோரு முறையும் மாத்திரையைக் கொடுத்து அனுப்பியதும் நான்தான். பன்னிரண்டாவது முறை கூட்டம் இல்லாததால், "வீட்ல எப்படி இருக்கு?" என்று கேட்டேன். மகன் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்றார். அதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. இன்றைக்கும் அந்த நோட்டு என் கண் முன்னால் நிற்கிறது.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். ரத்தப் பரிசோதனையில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தார்களா என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் முதலில் அது. அப்புறம், அவரிடம் 'மனநோய்' என்ற வார்த்தையை எடுக்கவே வேண்டாம். கோவாவிலும் மக்கள் சொல்கிற 'டென்ஷன்' என்ற வார்த்தையைத்தான் பயன்படுத்தினார்கள். "தூக்கம் வராததுக்கு மருந்து வாங்கப் போகலாம்மா" என்று கூப்பிடுங்கள், அதில் பொய் எதுவும் இல்லை. குடியாத்தம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேளுங்கள், இல்லையென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பாகாயம் என்றால் ஆளை உள்ளே போட்டுப் பூட்டிவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். அது 1957-லிருந்து குடும்பத்தார் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறையை வளர்த்த இடம், அதுவும் உங்கள் அம்மா நிலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தங்க வேண்டிய தேவையே வராது.

வீட்டில், சாயங்காலம் பக்கத்துத் திண்ணையில் நாலு பேரோடு உட்கார்ந்து பீடி சுற்றுவாரா? அதை வாரத்தில் இரண்டு நாள் திரும்ப ஆரம்பித்து வையுங்கள். 800 வேண்டாம். 50 சுற்றினாலும் போதும், திண்ணையில் உட்கார்ந்தால் சரி.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது, ஒரு மாற்றமும் இல்லை. பழக்கமாகிவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: நிறுத்தாதீர்கள். இந்த மாத்திரைகள் வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். வயிற்றுப் பிரட்டல், படபடப்பு மாதிரித் தொல்லைதான் முதலில் வரும், பலன் பிறகுதான் வரும், அதனால்தான் பலர் ஆரம்பத்திலேயே விட்டுவிடுகிறார்கள் போல. பழக்கமாகிறது என்று ஊரில் சொல்வது வேறு வகையான தூக்க மாத்திரைகளை. உங்கள் சீட்டில் அதுவும் இருக்கிறதா, எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடம் கேளுங்கள். தேறிய பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் சாப்பிடச் சொல்வார்கள். நிறுத்தும்போது அவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறேன். சிலர் முகத்தைப் பார்த்தாலே மனசு சரியில்லை என்று தெரிகிறது. நான் என்ன செய்யலாம்?
— ஒரு சகோதரி, காட்பாடி

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் இந்த வாரம் இரண்டு முறை படித்தேன். கோவாவில் செய்ததற்கு நம்ம ஊரில் ஆள் எங்கே என்று கேட்டால், நான் உங்களைத்தான் காட்டுவேன். ஏற்கெனவே வாசல் தெரியும், உங்களை நம்பிக் கையை நீட்டுகிறார்கள்.

பிரஷர் பட்டையைக் கழற்றியதும் பையை மூடாமல் இரண்டு கேள்வி கேளுங்கள். போன இரண்டு வாரத்தில் மனசு பாரமா, நம்பிக்கையே இல்லாம இருந்ததா? எதிலும் பிடிப்பு இல்லாம போச்சா? பல நாள் அப்படித்தான் என்று சொன்னால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் பெயரைச் சொல்லி, முடிந்தால் கூடவே போங்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதா" என்று கேட்கவும் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, இருந்தால் வெளியே வரும். ஆமாம் என்றால் அவரைத் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டில் ஒருவரைக் கூட உட்காரவைத்து, அங்கிருந்தே டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கும் அடிக்கலாம், காசு இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். அந்த எண்ணை மாத்திரை அட்டையின் பின்பக்கம் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.