திரைக்குப் பின்னால் உம்கேனி ஆறு

கடிதம்

வணக்கம் ஐயா,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். டர்பனுக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகளே நிழல் பாவைக்கூத்தாகப் போட வேண்டும் என்று ஆசை. நான்கு அணைகளையும் இருபது நிமிடத்தில் காட்டலாமா? பாவைக்குத் தோல் கிடைக்காதே, என்ன செய்வது? பிள்ளைகளுக்கு வீட்டிலும் ஆங்கிலம்தான்.

ஒரு வாசகி

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கும் வேண்டாம். மிட்மார் (1965), ஆல்பர்ட் ஃபால்ஸ் (1976), நேகல் (1950), இனாண்டா (1989) என்று உம்கேனியில் மேலிருந்து கீழாக அவை வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் நின்றால் கூத்து புவியியல் பாடமாகிவிடும். மற்றவை திரையில் ஓடி மறையட்டும். நேகலில் நில்லுங்கள்.

ஆறு லாடம்போல் வளையும் இடத்தில் அந்த அணை இருக்கிறது. வெள்ளம் வரும்போது, சேற்று நீர் அணைக்குள் புகாதபடி மேலேயே மதகுகளைத் திறந்து சுற்றிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் வண்டல் சேர்ந்து அணை தூர்ந்துபோகும். பழுப்பு செல்லோபேன் தாள் ஒரு வழியிலும் நீலத்தாள் இன்னொரு வழியிலும் பிரிந்து போனால் சொல்லே தேவையில்லை. அங்கிருந்து சுரங்கமும் குழாயுமாகத் தண்ணீர் ரிசர்வாயர் ஹில்ஸில் உள்ள டர்பன் ஹைட்ஸ் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சேதமானது இந்தப் பாதைதான். குழாய் வறண்ட அந்த நாட்கள் பெரிய பிள்ளைகளுக்கு நினைவிருக்கும்.

பெரும்பாலான பள்ளி நாடகங்களில் அணையிலிருந்து தண்ணீர் நேரே வீட்டுக் குழாய்க்குப் பாய்ந்துவிடும். இந்தப் பிழை வேண்டாம். கூத்து தொடங்கும்போதே ஒரு லிட்டர் கலங்கல் நீரைக் கண்ணாடிச் சாடியில் எடுத்து, கால் தேக்கரண்டி படிகாரத்தூள் போட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் ஐந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி வையுங்கள். முடியும்போது சேறு அடியில் படிந்திருக்கும். படியாவிட்டால் நீரில் காரத்தன்மை குறைவாக இருக்கலாம். ஒரு சிட்டிகை சமையல் சோடா சேருங்கள். முந்தைய நாளே ஒருமுறை செய்து பாருங்கள். தெளிந்த அந்த நீரைக் குடிக்கக் கூடாது. மணல் வடிகட்டியும் குளோரினும் இன்னும் பாக்கி. இதைப் பாவை வாயால் கண்டிப்பாகச் சொல்ல வையுங்கள்.

தோலுக்குப் பதில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோப்பு உறையை 30 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, அழியாத மார்க்கரால் வண்ணம் தீட்டுங்கள். ஆற்றுக்கு 5 மீட்டர் டிரேசிங் தாள். இரண்டு கம்புகளில் சுருட்டினால் திரையில் ஓடும். சுருள் தளர்ந்து தொங்குவதுதான் வழக்கமான தொல்லை. தாளை விடும் கம்பில் ரப்பர் வளையத்தை இறுக்கிப் போட்டால் நிற்கும். பார்வையாளருக்கு இடம் மேற்கு, வலம் கடல் என்று தெரிய வேண்டும். பின்னால் நிற்பவர்கள் தங்கள் இடமிருந்து வலமாகச் சுருட்ட வேண்டும். ஊர்ப்பெயர்களைப் பார்வையாளர் பக்கம் எழுதுங்கள், பின்னாலிருந்து எழுதினால் இடவலம் மாறித் தெரியும்.

பல எல்இடி உள்ள விளக்கு ஒரு பாவைக்கு மூன்று நான்கு நிழல் போடும். ஒற்றை எல்இடி உள்ள கைபேசி டார்ச் போதும். மின்வெட்டு வந்தாலும் கூத்து நிற்காது. டார்ச்சைப் பாவை ஆட்டுபவரின் தலைக்கு மேலே கட்டுங்கள். பாவை திரையைத் தொட்டபடியே இருக்கட்டும், விலகினால் மங்கும்.

வசனத்துக்கு நம் தோல்பாவைக்கூத்தின் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இருக்கிறார்கள். ஒருவன் தப்பாகச் சொல்ல மற்றவன் திருத்தட்டும். ஒரு வரியில் ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். “தண்ணி எங்கேடா?” “குழாயில!” “குழாய்க்கு?” இதைப் பிள்ளைகள் இரண்டே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.